கழுத்தில் அறுந்த வயர்

1995 ஜூலை 11, செவ்வாய்.

இன்றைய பிழை: திரும்பி வந்த ஜாய்ஸ்டிக்குகளில் பதினொன்றைத் திறந்து பார்க்காமலே ‘சால்டர்’ கட்டத்தில் டிக் போட்டேன். பன்னிரண்டாவதில் திருகு கழன்றிருந்ததால் உள்ளே பார்க்க நேர்ந்தது. ஈயம் வைத்த ஐந்து இடமும் நன்றாக இருந்தன. வயர் வேறு எங்கோ அறுந்திருக்கிறது.

காரணம்: பதிவேட்டில் வயருக்கென்று கட்டம் இல்லை. இது காரணமா சாக்கா என்று தெரியவில்லை.

நாளைய வேலை: அந்தப் பதினொன்றையும் திறந்து பார்ப்பது. பிறகு சூப்பர்வைசரிடம் சொல்வது.

நாகவல்லி நாள்தோறும் இப்படி மூன்று தலைப்புப் போட்டு எழுதிவந்தாள். அம்பத்தூர் பழைய டவுனான ஓ.டி.யில் ஒரு மாடியில் மாலை ஆறரைக்கு நடந்த டி.வி. மெக்கானிசம் வகுப்பின் விதி அது. எல்லோரும் வேலைக் குறிப்பு எழுத வேண்டும், அதில் பிழைதான் முதலில் வர வேண்டும். மற்றவர்கள் வாரக் கடைசியில் ஒரே மூச்சில் ஏழு நாளுக்கும் எழுதித் தள்ளிவிடுவார்கள். ‘ஐந்து நிமிடம் தாமதமாக வந்தேன்’ என்கிற பிழை அந்த வகுப்பில் வாரத்துக்கு இருபது தடவை நடந்தது. நாகவல்லிக்கு அப்படி எழுத வராது. இருபத்தொரு வயதில் அவள் உறுதியாக நம்பிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கும் எதையோ தப்பாகச் செய்திருக்கிறோம் என்பது. பிழை எதுவும் அகப்படாத நாளில், ஒழுங்காகத் தேடவில்லையோ என்று இரண்டாம் முறை யோசிப்பாள்.

பகலில் அவளுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டில் பதினான்கு பெண்கள் உட்கார்ந்து டி.வி. கேம் பூட்டினார்கள். டி.வி.யோடு இணைக்கிற ஒரு பெட்டி, அதற்கு இரண்டு ஜாய்ஸ்டிக். ஸ்டிக் என்று பெயர் இருந்தாலும் அதில் குச்சி எதுவும் கிடையாது. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான பிளாஸ்டிக் டப்பா. இடப்பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன், வலப்பக்கம் இரண்டு உருண்டைப் பட்டன்கள், நடுவில் இரண்டு சின்னவை. மேல் விளிம்பிலிருந்து வயர் கிளம்பிப் பெட்டிக்குப் போகும்.

கள்ளிக்குப்பத்தில் அவள் வீட்டில் டி.வி. கிடையாது. அதில் ஒரு ஆட்டம்கூட அவள் ஆடியதில்லை. ஆனாலும் அந்த டப்பாவின் மேல் அவளுக்கு மரியாதை இருந்தது. ஒவ்வொரு பட்டனையும் ஐம்பது தடவை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்ப்பதுதான் அவள் வேலை. அழுத்தும்போதெல்லாம் மேசையிலிருக்கும் சின்ன விளக்கு எரிய வேண்டும். ஒன்றரை வருடத்தில் எத்தனை லட்சம் தடவை அழுத்தியிருப்பாளோ, பட்டனுக்கு அடியிலிருக்கும் ரப்பரும் கரியும் சோர்ந்து அவள் பார்த்ததில்லை. கூட்டல் குறியின் இரண்டு கைகளுக்கு நடுவே சாய்த்து அழுத்தினால் சில சமயம் இரண்டு விளக்குக்குப் பதில் ஒன்றுதான் எரியும். அது அதனுடைய குணம், அதை மாற்ற முடியாது. மற்றபடி இவ்வளவு லேசாகவும் இவ்வளவு உழைக்கும்படியும் ஒரு பொருள் செய்திருக்கிறார்களே என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

நாலு மணிக்கு மேல் கடைகளிலிருந்து திரும்பி வந்தவற்றைப் பார்ப்பாள். அதற்கு ஒரு நீளப் பதிவேடு. அதில் இரண்டே கட்டம்: பட்டன், சால்டர் என்கிற ஈயப் பற்று. பட்டன் ஒன்று வேலை செய்யாவிட்டால் முதல் கட்டம். ஜாய்ஸ்டிக்கே செத்துக் கிடந்தால் இரண்டாவது. பிளக் முனையில் மீட்டரை வைத்தால் ஊசி அசையாது, உடனே ‘சால்டர்’ என்று டிக் போட்டுக் கோணியில் எறிந்துவிடலாம். ஆறு திருகைக் கழற்றி உள்ளே பார்க்க யாரும் சொல்லவில்லை, அதற்கு நேரமும் கொடுக்கவில்லை.

ஈயம் வைப்பவள் தாயம்மா. பாரிவாக்கத்திலிருந்து வருகிறவள், நாகவல்லியைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஷெட்டில் அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான். அவள் வைக்கிற ஈயம் கடுகு மணி மாதிரி உருண்டு பளபளவென்று நிற்கும். மதியம் இருவரும் ஒரே மூலையில்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள்.

புதன்கிழமை காலையில் பதினொன்றைத் திறக்க நாகவல்லிக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒன்பதரைக்கு மேனேஜர் ரகுநாதன் அந்தப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். எல்லோரையும் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிற்கச் சொன்னார். மே, ஜூன் இரண்டு மாதத்தில் திரும்பி வந்தவை நூற்றுப் பத்து என்றார். அதில் பட்டன் பதினாலு, சால்டர் தொண்ணூற்றாறு. கடைக்காரர்கள் தன்னிடம் பேசுகிற பேச்சை இங்கே சொல்ல முடியாது என்றவர் கொஞ்சம் சொல்லவும் செய்தார். பிறகு தாயம்மாவின் பக்கம் திரும்பாமலே, சனிக்கிழமையோடு அவள் நின்றுகொள்ளட்டும், ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் வரும் என்றார். அந்த எஸ்டேட்டின் அந்தப் பகுதிக்கு வெள்ளிதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள்.

தாயம்மா ஈயம் உருக்கும் இரும்பை ஸ்டாண்டில் வைத்தாள், ஈரப் பஞ்சில் அதன் மூக்கைத் துடைத்தாள், மறுபடி எடுத்தாள்.

நாகவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பதினொன்று என்று நேற்று எழுதினாளே, அது நேற்றைய கணக்குத்தான். முந்தாநாள் எத்தனை? போன வாரம் எத்தனை? அந்தத் தொண்ணூற்றாறு டிக்கும் அவள் கை போட்டவை, ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் போட்டவை. சொல்ல வாயெடுத்தாள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது, அந்த ஒன்று தப்பித் தவறி நன்றாக இருந்ததாக இருந்தால் என்ன செய்வது என்று தயங்கினாள். அவள் தயங்கி முடிப்பதற்குள் ரகுநாதன் போய்விட்டார்.

மறுநாள் மதியம் அவள் டப்பாவைத் திறக்கவில்லை. தாயம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மீட்டர் ஊசி அசையாததை, கட்டம் இரண்டே இருந்ததை, திறந்து பார்க்காததை. தாயம்மா கையிலிருந்த சோற்று உருண்டையை மெதுவாக டப்பாவில் திரும்ப வைத்தாள்.

“ஒன்றரை வருசமா என் பக்கத்துல குந்திகினு சோறு துன்றே. என் பேருக்கு நேரா தெனம் டிக்கு போட்டுகினு கீறே. ஒரு தபா, ஒரே தபா, ‘அக்கா, இது உன் கையில போச்சா’ன்னு கேட்டியா நீ?”

“உன் பேரு அதுல இல்லக்கா. சால்டர்னுதான் இருந்துச்சு.”

“இங்க சால்டருன்னா வேற யாரு கீறா? உங்க அப்பனா?”

ஷெட்டில் ஈயம் வைக்க ஒருத்திதான் என்பது நாகவல்லிக்குத் தெரியாததா. பதிவேட்டில் அந்தச் சொல்லைப் பார்த்த ஒவ்வொரு நாளும் அது ஏதோ ஒரு சாமானின் பெயர் என்றே அவள் நினைத்திருந்தாள். அது ஒரு மனுஷி என்று தோன்றவே இல்லை.

கோணி பின்பக்கம் பூட்டிய அறையில் கிடந்தது. பழையவை உடைத்துப் போட்டாகிவிட்டன, கடைசி மூன்று வாரத்துச் சரக்குதான் இருந்தது. சூப்பர்வைசர் மனோகரன் சாவி தர மாட்டேன் என்று முதலில் முரண்டு பிடித்தார். திறந்தால் யார் மூடுவது என்றார். தாயம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றதும் சாவியை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

இருவரும் திருப்புளியோடு உட்கார்ந்தார்கள். ‘சால்டர்’ டிக் விழுந்தவை நாற்பது இருந்தன. நாகவல்லி திறப்பாள், மீட்டரை வைப்பாள். தாயம்மா ஒவ்வொரு போர்டையும் கண்ணருகே கொண்டுபோய், தான் வைத்த ஐந்து மணியையும் நகத்தால் கீறிப் பார்ப்பாள். முதல் பத்திலும் ஈயம் அசையவில்லை. வயர் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் அறுந்திருந்தது. டப்பாவின் மேல் விளிம்பை விட்டு வெளியே வருகிற அந்தக் கழுத்தில், மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்புக் கம்பிகள் முறிந்து போயிருந்தன. இருபதாவதைத் திறந்தபோது தாயம்மா சிரித்துவிட்டாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

நாற்பதில் முப்பத்தெட்டு அப்படி. மிச்சம் இரண்டில் ஈயம் நிஜமாகவே விட்டிருந்தது. அந்த இரண்டை நாகவல்லி தனியாக வைக்கத் தயங்கினாள். தாயம்மாவே எடுத்து வைத்தாள்.

“இது ரெண்டும் என்னுதுதான். எழுதிக்கோ. முப்பத்தெட்டு என்னுது இல்ல, அதையும் எழுதிக்கோ.”

இந்தக் கழுத்தில் முன்னால் என்ன இருந்தது என்பது அப்போதுதான் நாகவல்லிக்கு நினைவு வந்தது. வயர் வெளியே வரும் இடத்தில் கறுப்பாக, வரிவரியாக ஒரு ரப்பர் புஷ் இருக்கும். வயரை எப்படித் திருப்பினாலும் அது ஒரேயடியாக மடங்காமல் வளைந்து கொடுக்கும். இப்போது அந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது. இழுத்தால் கழன்று வராமலிருக்க உள்பக்கம் வயரில் ஒரு முடிச்சு.

திரும்பி வந்த மனோகரனிடம் கேட்டாள். பொங்கலுக்கு அப்புறம் வந்த லாட்டில் புஷ் இல்லை என்றார் அவர். தான் மேலே கேட்டதாகவும், முடிச்சு போட்டால் போதும் என்று பதில் வந்ததாகவும் சொன்னார். தன் பெயரை இதில் இழுக்க வேண்டாம் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ஆக, நேற்று மேனேஜர் கத்தியபோது இந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு தாயம்மாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

பதிவேட்டில் வயருக்குக் கட்டம் ஏன் இல்லை என்பதும் அப்போது நாகவல்லிக்குப் புரிந்தது. புஷ் இருந்த காலத்தில் வயர் அறுந்ததே இல்லை. அறுந்துபோகிற வயரைக் கொடுத்துவிட்டு, அறுந்துபோகாத வயருக்காக அச்சடித்த பதிவேட்டையே வைத்துக்கொண்டார்கள். அதை அவளிடம் கொடுத்து எழுது என்றார்கள், அவளும் எழுதினாள்.

ஆனாலும் ஒரு சந்தேகம் அவளைக் குடைந்தது. புஷ் இல்லாவிட்டால் வயர் பலவீனம்தான், சரி. டெஸ்டிங் மேசையில் ஒன்றுகூட அறுந்ததில்லையே. இரண்டு மாதத்துக்குள் முறிகிற அளவுக்கு வீட்டில் அதை என்னதான் செய்கிறார்கள்? ரகுநாதன் இதைத்தான் முதலில் கேட்பார். கடைக்காரர்கள் ஜாய்ஸ்டிக்குகளில் கட்டி அனுப்பிய அட்டைகள் மாதக்கணக்கில் கம்பியில் கோத்துக் கிடந்தன, அவற்றைப் புரட்டினாள். ஒரே பெயர் மூன்று அட்டையில் இருந்தது: வேம்புலியம்மாள், ஆவடி, குவார்ட்டர்ஸ், வீட்டு எண். மூன்றாவது அட்டையில் கடைக்காரர் ‘பிள்ளைகள் முரடு’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஆவடிக்குப் பஸ் ஏறினாள். ஒரே மாதிரி மஞ்சள் வீடுகள் வரிசையாக இருந்த குவார்ட்டர்ஸில் எண்ணைத் தேடிப் பிடித்துக் கதவைத் தட்டியபோது உள்ளே டி.வி. கேமின் டிங் டிங் சத்தம் கேட்டது. மணி பதினொன்று. முரட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். செய்யாறு பக்கத்துக்காரி, கணவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். நாகவல்லி எங்கிருந்து வருகிறாள் என்று கேட்டதும் அவள் முகம் கடுத்தது. உள்ளே கூப்பிட்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. டி.வி. திரையில் ஒரு ஆள் நடுப் பாலத்தில் காலை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஆடிக்கொண்டிருந்தவள் வேம்புலியம்மாள்தான்.

பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி என்றாள் அவள். மற்ற நாளில் சமையலை முடித்துவிட்டுத் தானே ஒரு மணி நேரம் ஆடுவதாகச் சொன்னாள், வெட்கப்படாமல். முரட்டுப் பிள்ளை என்று கடைக்காரன் எழுதியிருப்பதை நாகவல்லி சொல்லவில்லை. சொல்லாமலே வேம்புலியம்மாளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் தடவை போனபோது கடையில் நாலு பேர் பார்க்க அவன் இவளிடம், பிள்ளைங்களை அடக்கி வளர்த்தால் பொருள் உழைக்கும் என்று சொல்லியிருக்கிறான்.

“பொருளுக்கு நல்லது கெட்டது ரெண்டும் எனக்குத் தெரியும். சொல்றேன், எழுதிக்கோ” என்று அவள் கீழே உட்கார்ந்தாள்.

நாகவல்லி நோட்டை எடுத்தாள். வேம்புலியம்மாள் சொன்னதில் பாதி அவளுக்கே புதிது. கூட்டல் குறிப் பட்டனைப் போல வராது, கட்டை விரலை எடுக்காமலே நாலு பக்கமும் போகலாம், பார்க்காமலே விரலுக்கு இடம் தெரியும். விளிம்பு உள்ளங்கையில் குத்தாது. இரண்டு பேர் வீட்டில் உள்ள வேறு கம்பெனி ஜாய்ஸ்டிக்குகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள், அவற்றைவிட இது லேசு, கை வலிக்காது. கெட்டது என்றால், சாய்வாக ஏறுகிற ஏணியில் ஆள் பாதியில் நின்றுவிடுவான், அது பட்டனின் கோளாறு. உருண்டைப் பட்டன் இரண்டும் ரொம்ப நெருக்கம், அவசரத்தில் குதிக்கிறதுக்குப் பதில் சுட்டுவிடும். அப்புறம் வயர். அதைப் பற்றிப் பேசும்போது குரல் ஏறியது. டி.வி. ஷோகேஸில் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது, பெட்டி அதன் மேல் இருக்கிறது, ஆடுகிறவர் பாயில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரில் எந்த வீட்டில் டி.வி.யைத் தரையில் வைப்பார்கள்? வயரோ முழம் போட்டால் மூன்றரைதான். ஆட்டம் முழுக்க அது விறைத்துக்கொண்டே நிற்கும்.

டெஸ்டிங் மேசையில் ஜாய்ஸ்டிக் படுத்துக் கிடக்கும், வயர் அதன் பக்கத்தில் தூங்கும் என்று நாகவல்லி நினைத்துக்கொண்டாள். அதைக் கையில் தூக்கிப் பிடித்து ஒரு தடவைகூட அவள் சோதித்ததில்லை. கட்டை விரலால் அழுத்தியதும் இல்லை.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேம்புலியம்மாள் பொருளை எடுத்து வைக்கத் தொடங்கினாள். நாகவல்லி எழுதுவதை நிறுத்திப் பார்த்தாள். வாங்கி வந்த அட்டைப் பெட்டி, உள்ளே தெர்மக்கோல், பாலிதீன் உறை எல்லாம் கசங்காமல் இருந்தன. ஜாய்ஸ்டிக்கை எடுத்து, வயரைக் கழுத்திலேயே சட்டென்று மடித்து, டப்பாவைச் சுற்றி இறுக்க இறுக்க ஆறு சுற்றுச் சுற்றினாள். மேலே ரப்பர் பேண்டு. உறைக்குள் போட்டு, தெர்மக்கோல் பள்ளத்தில் அழுத்தி வைத்தாள். இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றுகிற அதே கை. ஆனால் இஸ்திரிப் பெட்டியின் கழுத்தில் புஷ் இருக்கும்.

தினமும் இப்படித்தானா என்று கேட்டாள். தினமும்தான் என்றாள் வேம்புலியம்மாள், பொருளை வெளியே போட்டுவைத்தால் தூசி படியாதா. அப்படிச் சுற்றினால் கழுத்து முறியும் என்று நாகவல்லி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

வேம்புலியம்மாள் நிமிர்ந்தாள்.

“பெட்டியில எப்பிடி இருந்துச்சோ அப்பிடித்தான் சுத்தி வைக்கிறேன். நானாவா கண்டுபுடிச்சேன்? உங்க கம்பெனிதானே சுத்திக் குடுத்துச்சு?”

நாகவல்லிக்குத் தங்கள் ஷெட்டின் பேக்கிங் மேசை கண்ணில் நின்றது. கழுத்தில் மடிப்பு, ஆறு சுற்று, ரப்பர் பேண்டு. பெட்டி சின்னது, வேறு எப்படி வைத்தாலும் மூடாது என்று அங்கே எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஜாய்ஸ்டிக் கடைக்குப் போவதற்கு முன்பே முதல் மடிப்பு விழுந்துவிடுகிறது. அதை வாங்குகிறவர்களும் கம்பெனியைப் பார்த்தே சுற்றக் கற்றுக்கொள்கிறார்கள். அறுந்ததும் கடைக்காரன் பிள்ளைகள் முரடு என்கிறான், கம்பெனி தாயம்மாவின் கை சரியில்லை என்கிறது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கோபப்பட்டுப் பார்த்தாள். சாதாரணமாக அவள் கோபம் பாதி வழியில் தன் பக்கமே திரும்பிவிடும். அன்று திரும்பினாலும் முழுதும் திரும்பவில்லை. மனோகரன், ரகுநாதன், கடைக்காரன் மேலெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கே வந்து, திறந்த நாற்பது ஜாய்ஸ்டிக்குகளையும் டெஸ்டிங் மேசையில் நாலு வரிசையாக அடுக்கினாள். அவற்றில் ஈயம் விட்ட இரண்டு மட்டும் தனியாக. ரகுநாதன் வந்ததும் கூப்பிட்டாள். அவர் ஒன்றிரண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈயம் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே விட்டிருக்கும் என்றார்.

“இழுத்துப் பாருங்க சார்” என்றாள் நாகவல்லி.

அவர் ஒரு போர்டை எடுத்து வயரைச் சுண்டி இழுத்தார். வயர் கழுத்தில் பிய்ந்து கையோடு வந்தது. ஐந்து கடுகும் போர்டில் அப்படியே இருந்தன. வேறொன்றை எடுத்து இன்னும் பலமாக இழுத்தார். அதுவும் அப்படியே. திருப்புளிகள் ஓய்ந்திருந்தன, பன்னிரண்டு பெண்களும் அவர் கையையே பார்த்தார்கள். மனோகரன் பேன் ரெகுலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரகுநாதன் போர்டை வைத்துவிட்டு அவளை அறைக்குள் வரச் சொன்னார். கதவைச் சாத்தியதும் குரல் மென்மையானது. தாயம்மா இருக்கட்டும் என்றார். ஆனால் பதிவேட்டில் இருப்பது நாகவல்லியின் கையெழுத்து. அது தப்பு என்றால் தப்பு என்று அவளே எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் கடைக்காரர்களுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும், தாயம்மா வேலையில் இருப்பாள். அப்புறம் தப்பாக எழுதுகிற ஆளை டெஸ்டிங்கில் வைத்திருக்க முடியாது என்பதும் நாகவல்லிக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பேக்கிங்.

டெஸ்டிங் வேலை இருப்பதால்தான் மாலை வகுப்பில் படிப்பது பகலில் கைக்கு வருகிறது. மீட்டர், மேசை, விளக்கு எல்லாம் போய்விடும். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. திறக்காமல் எழுதியது அவள்தான்.

தன் மேசைக்குப் போய், நோட்டிலிருந்து தாள் கிழித்து, அடியில் கார்பன் வைத்து எழுதினாள். முதல் பாதி, தொண்ணூற்றாறையும் திறந்து பார்க்காமல் ‘சால்டர்’ என்று குறித்தது தன் தவறு, சால்டர் பிரிவின் தவறு அல்ல என்றது. இரண்டாம் பாதியில், பொங்கலுக்குப் பிறகு புஷ் எடுக்கப்பட்டது, பதிவேட்டில் வயருக்குக் கட்டம் இல்லாதது, பேக்கிங்கில் கழுத்தை மடித்துச் சுற்றுவது ஆகிய மூன்றும் இருந்தன. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ரகுநாதன் படித்தார். முதல் பாதிக்குக் கீழே விரலால் கோடு இழுத்தார்.

“இதோட நிறுத்திக்கோ. கீழ இருக்கறது உனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.”

“மேல இருக்கறது என் தப்பு சார். கீழ இருக்கறது உங்களுது. ரெண்டும் ஒரே பேப்பர்ல இருந்தாதான் கையெழுத்து.”

தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவள் கையை நீட்டினாள்.

ரகுநாதன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். சரக்கு ஏற்ற லாரிக்காரன் வந்து நின்றிருந்தான், ஷெட்டில் இன்னும் ஒருவரும் வேலையைத் தொடவில்லை. பேனாவை அவள் பக்கம் தள்ளினார். அவள் கையெழுத்துப் போட்டதும் தாளை மறுபடி படிக்காமல் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். புஷ் பற்றிப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் அந்த ஷெட்டில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கார்பன் பிரதி நாகவல்லியின் நோட்டுக்குள் இருந்தது.

வெளியே வந்தபோது தாயம்மா இரும்பின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

“இன்னொரு தபா என்னைப் பத்தி எதுனா எழுதறதா இருந்தா, வந்து கேட்டுட்டு எழுது. எனக்கு வாய் கீது.”

“சரிக்கா.”

“பேக்கிங்குல போட்டுட்டானா?”

“ஆமாக்கா.”

தாயம்மா இரும்பை மறுபடி எடுத்தாள். மதியம் மூலையில் தன் டப்பாவைத் திறந்தபோது, பக்கத்தில் கிடந்த பையை நகர்த்தி இடம் விட்டாள். நாகவல்லி உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

மாலை வகுப்பு தொடங்குமுன் நாகவல்லி குறிப்பை எழுதினாள்.

1995 ஜூலை 15, சனி.

இன்றைய பிழை: கடிதத்தில் ‘சால்டர் பிரிவு’ என்றே எழுதினேன். தாயம்மாக்காவின் பெயரை எழுதவில்லை.

காரணம்: ஆபீஸ் கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று கை நினைத்துவிட்டது. கார்பன் பிரதியைப் படித்தபோதுதான் தெரிந்தது.

நாளைய வேலை: எட்டரைக்குப் பேக்கிங் மேசை. வயரைக் கழுத்தில் மடிக்காமல் தனி வளையமாகச் சுருட்டி ஜாய்ஸ்டிக்குக்கு அடியில் வைப்பது. பெட்டி மூடுகிறதா என்று முதல் பெட்டியிலேயே பார்ப்பது. மூடாவிட்டால் தெர்மக்கோலை எவ்வளவு செதுக்க வேண்டும் என்று அளந்து எழுதுவது.